மூன்று மில்லி சாயம்

எங்கள் அறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அரண்டுபோய்த்தான் வருவார்கள். சீட்டில் டாக்டர் ‘எஃப்.எஃப்.ஏ.’ (ஃபண்டஸ் ஃப்ளோரசின் ஆஞ்சியோகிராம்) என்று எழுதியிருப்பார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விவரமானவர் யாராவது, “ஒண்ணுமில்ல, கண்ணுக்கு ஆஞ்சியோ பண்ணுவாக” என்று தைரியம் சொல்லியிருப்பார். ஆஞ்சியோ என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சுவலி, தொடையில் ஓட்டை, ஐ.சி.யூ., காப்பீட்டு அட்டை என்று மனசு எங்கெங்கோ ஓடிவிடும். “தாயி, எனக்கு நெஞ்செல்லாம் நல்லாத்தான இருக்கு” என்று என் கையைப் பிடித்துக்கொண்ட பாட்டிகள் நிறைய.

மதுரையில் ஒரு கண் மருத்துவமனையில் விழித்திரைப் பிரிவில், கையில் சாய ஊசி போட்டுக் கண்ணின் ரத்தக்குழாய்களைப் படம் எடுப்பது என் வேலை. பிளஸ் டூ முடித்ததும் பயிற்சிக்குச் சேர்ந்து, கண்ணாடி அளவு பார்க்கிற வேலை, வார்டு வேலை எல்லாம் சுற்றிவிட்டு இந்த இருட்டு அறைக்கு வந்தேன். அதற்குப் பிறகு வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்களோ என்பதுதான் என் கவலையே. இங்கே நடப்பது என்ன என்று வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் முழுசாகக் கேட்டதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஊசியைப் பற்றி. கண்ணில் மருந்து ஊற்றி பாப்பா நன்றாக விரிந்த பிறகு, முழங்கை மடிப்பில் பட்டர்ஃப்ளை ஊசி குத்துவோம். ஆம்பூலில் இருப்பது சோடியம் ஃப்ளோரசின். எங்களிடம் 20 சதவீதக் கரைசல், 3 மில்லி. சில இடங்களில் 10 சதவீதம், 5 மில்லி. ஆம்பூலுக்குள் பார்த்தால் அது பச்சையாகவே இருக்காது, செங்கல் கரைத்தது மாதிரி அடர்ந்த ஆரஞ்சுதான். ஒரு சொட்டு வாஷ்பேசினில் விழுந்து தண்ணீர் பட்டதும்தான் அந்தக் கண்ணைப் பறிக்கிற மஞ்சள்பச்சை வெளியே வரும். கோட்டில் பட்டால் துவைத்துத் துவைத்துக் கை ஓய்ந்துவிடும்.

ஊசி போடுவதற்கு முன்பே, கேமராவில் இரண்டு ஃபில்டரையும் போட்டு ஒரு வெற்றுப்படம் எடுத்துவிட வேண்டும். உள்ளே போகிற வெளிச்சத்தை நீலமாக மட்டும் விடுகிறது ஒரு ஃபில்டர். திரும்பி வருவதில் நீலத்தைத் தடுத்து பச்சையை மட்டும் விடுகிறது இன்னொன்று. ஃப்ளோரசின் 490 நானோமீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள நீலத்தை வாங்கிக்கொண்டு, 520–530 நானோமீட்டரில் பச்சையாகத் திருப்பித் தரும். வாங்கியதில் கொஞ்சம் சக்தியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் தரும். அதனால்தான் நிறம் மாறுகிறது. இங்கிலாந்தில் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்பவர் 1852-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். சாயம் இல்லாத அந்த வெற்றுப்படம் முழுக்கக் கறுப்பாக வர வேண்டும். அதில் ஏதாவது மினுங்கினால், ஒன்று ஃபில்டர் பழசாகி நீலம் ஒழுகுகிறது, அல்லது கண்ணுக்குள்ளேயே தானாக ஒளிர்கிற பொருள் ஏதோ இருக்கிறது. பார்வை நரம்பின் தலையில் சிலருக்குச் சுண்ணாம்புத் துகள்கள் படிந்திருக்கும், அவை சாயமே இல்லாமல் ஒளிரும். புதிதாக வருகிற பிள்ளைகள் இந்த வெற்றுப்படத்தை அவசரத்தில் விட்டுவிடுவார்கள். எனக்கு அதில் மட்டும் பொறுமை கிடையாது, திட்டிவிடுவேன்.

பிறகு, “அய்யா, தாடைய நல்லா வச்சு நெத்திய ஒட்டுங்க. அந்தச் சின்ன வெளக்கப் பாருங்க. சிமிட்டாதீங்க.” ஊசி உள்ளே போகும்போதே கடிகாரத்தை ஓடவிடுவோம்.

கையிலிருந்து இதயத்துக்குப் போய், நுரையீரல் சுற்றி, மறுபடி இதயம் வந்து, கழுத்து வழியே ஏறி, கண்ணுக்கு வந்துசேர 10-லிருந்து 15 நொடி. அந்த நொடிகளில் திரையில் ஒன்றுமே இருக்காது. அப்புறம் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிற கோராய்டு என்ற ரத்தக்குழாய்ப் படலம் திட்டுத்திட்டாக வெளுக்கத் தொடங்கும் (படம் கறுப்பு வெள்ளைதான், ஒளிர்கிற சாயம் அதில் வெள்ளையாகத் தெரியும்). அடுத்த நொடியில் தமனிகள் பார்வை நரம்பின் நடுவிலிருந்து வெள்ளைக் கோடுகளாகக் கிளம்பும். எனக்கு இதில் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருவது. சிரைகள் ஒரேயடியாக நிரம்பாது. சுற்றுப்புறத்துச் சின்னக் கிளைகளிலிருந்து சாயம் வந்து சேரும்போது, அது குழாயின் இரண்டு ஓரங்களையும் ஒட்டிக்கொண்டு ஓடும். நடுவே, சாயம் இன்னும் வந்துசேராத ரத்தம் கறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும். ஒரே குழாய்க்குள் இரண்டு வெள்ளைக் கரைகளும் ஒரு கறுப்பு ஓட்டமும், ஒன்றோடொன்று கலக்காமல். சில நொடிதான் அப்படி இருக்கும், பிறகு முழுசும் வெள்ளையாகிவிடும். ரத்தம் இப்படி அடுக்கடுக்காக ஓடும் என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிட்டேன்.

சரியாக இந்த நேரத்தில்தான் நோயாளிக்குக் குமட்டும்! ஊசி போட்ட அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் சிலருக்கு வயிறு புரட்டும், அதே வேகத்தில் அடங்கிவிடும். ஒரு கையில் கிட்னி ட்ரேயைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் படம் எடுக்கிற வித்தை எங்கள் எல்லோருக்கும் கைவந்துவிட்டது. மெதுவாகப் போட்டால் குமட்டல் கொஞ்சம் குறையும், ஆனால் முதல் நொடிப் படங்கள் மங்கிப்போகும். டாக்டருக்கு எந்தக் கட்டத்துப் படம் முக்கியம் என்பதைப் பொறுத்துக் கை வேகம் மாறும்.

சாயம் நோயைக் கண்டுபிடித்துக் காட்டும் என்று பலர் நம்புகிறார்கள். படித்தவர்களும்தான். சாயத்துக்கு நோய் எது, நல்லது எது என்று ஒன்றும் தெரியாது. அது வழி இருந்தால் போகும், ஓட்டை இருந்தால் ஒழுகும், அவ்வளவுதான். விழித்திரையின் ரத்தக்குழாய்ச் சுவர் நெருக்கி வேய்ந்தது. ஃப்ளோரசின் மாதிரிச் சின்ன மூலக்கூறைக்கூட வெளியே விடாது. பின்னால் இருக்கிற கோராய்டின் குழாய்கள் அப்படியில்லை, இயல்பாகவே ஒழுகும். எங்கே அடைத்திருக்க வேண்டும், எங்கே திறந்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் படத்தைப் படிக்க முடியும். நாங்கள் எடுக்கிறோம், அவர்கள் படிக்கிறார்கள். (எங்களுக்கும் படிக்கத் தெரியும். சொல்லக்கூடாது, அதுதான்.)

மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர். சர்க்கரை பல வருஷம், மாத்திரை இஷ்டத்துக்கு. படம் முடிந்து திரையில் டாக்டர் காட்டிக்கொண்டிருந்தார். ஓரங்களில் பெரிய பெரிய கறுப்புத் திட்டு. அங்கெல்லாம் நுண்குழாய்கள் செத்துப்போய்ச் சாயமே எட்டவில்லை. அந்தத் திட்டுகளின் எல்லையில் பஞ்சுப்பொதி மாதிரி வெள்ளை, படத்துக்குப் படம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ரத்தம் கிடைக்காத பகுதி கேட்டுக்கேட்டு வரவழைத்த புதுக்குழாய்கள் அவை. அவசரத்தில் முளைத்தவை, சுவர் சரியில்லை, ஒழுகுகின்றன. டாக்டர் பாதி சொல்வதற்குள் அவர், “அப்ப கடைமடைக்குத் தண்ணி போகல, நடுவுல கரையும் ஒடைஞ்சு கெடக்குங்கிறீக” என்றார். பெரியாற்றுப் பாசனத்தில் கடைசியில் கிடக்கிற மேலூர்க்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் அவரே மற்றவர்களுக்கு விளக்கும்போது அந்த வாசகத்தைத்தான் எடுத்துவிடுகிறார், காசு கொடுக்காமல்.

அந்தக் கறுப்புத் திட்டுகளில்தான் லேசர் வைப்பார்கள். ஏற்கெனவே பட்டினி கிடக்கிற பகுதியைச் சுட்டுவிட்டால் புதுக்குழாய் கேட்பதை நிறுத்தும். எங்கே சுடுவது, எங்கே விடுவது என்பதற்கு வரைபடம் எங்கள் படம்தான்.

நடுவயது ஆண்களுக்கு வருகிற இன்னொன்று உண்டு. தூக்கம் இல்லாமல் ஓடுகிறவர்கள், எதற்காகவோ ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டவர்கள். விழித்திரைக்குக் கீழே நீர் கோத்து, நடுப்பார்வையில் ஒரு வட்டம் மங்கும். அவர்கள் படத்தில் முதலில் ஒரே ஒரு புள்ளி தெரியும். சிலருக்கு அந்தப் புள்ளியிலிருந்து சாயம் நேராக மேலே ஏறி, உச்சியில் குடையாக விரியும். எங்கள் டாக்டர்கள் இதைப் புகைபோக்கி என்பார்கள். பத்து நிமிஷம் காத்திருந்து கடைசிப் படம் எடுத்தால்தான் முழு உருவமும் வரும். “முடிஞ்சிருச்சா, நான் போலாமா?” என்று எழுந்து நிற்பவரை உட்காரவைத்துக் காத்திருப்பது ஊசி குத்துவதைவிடச் சிரமம்.

இந்தச் சாயத்தின் பூர்வீகம் ஜெர்மனி. அடால்ஃப் ஃபான் பேயர் 1871-ல் ரெசார்சினாலையும் தாலிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்துக் காய்ச்சி இதை உண்டாக்கினார். அவருக்கு நோபல் பரிசு 1905-ல் வந்தது. கண்ணுக்கு வருவதற்கு முன்னால் இது ஆற்றுக்குப் போனது என்பது எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதி. தெற்கு ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் என்ற ஊர் அருகே டான்யூப் ஆற்றின் தண்ணீர் பூமிக்குள் இறங்கிக் காணாமல் போகும். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஆஹ் என்ற ஆற்றின் ஊற்று கிளம்பும். இரண்டும் ஒரே தண்ணீரா என்று நெடுநாள் வழக்கு. 1877-ல் டான்யூபின் அந்த இடத்தில் பத்துக் கிலோ ஃப்ளோரசினைக் கொட்டினார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து ஆஹ் ஊற்று பளபளவென்று பச்சையாகப் பொங்கியது. கருங்கடலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு, மலைக்கு அடியில் புகுந்து ரைனோடு சேர்ந்து வடகடலுக்குப் போகிறது என்று தெரிந்தது. நாங்கள் அறையில் செய்வதும் இதே வேலைதான், அளவு மட்டும் மூன்று மில்லி.

1882-ல் பால் எர்லிக் முயல்களுக்கு இதை ஊசியாகப் போட்டு, கண்ணின் முன்னறையில் நீர் எப்படி ஓடுகிறது என்று பார்த்தார். மனிதர் கண்ணின் ரத்த ஓட்டத்தைப் படமாக எடுக்க இன்னும் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அதைச் செய்தவர்கள் பெரிய பேராசிரியர்கள் இல்லை. அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்து மருத்துவ மாணவர்கள், ஹெரால்டு நோவோட்னி, டேவிட் ஆல்விஸ். முதல் ஊசி யாருக்கு என்று காசு சுண்டிப் பார்த்தார்கள், ஆல்விஸ் தோற்றார். அவர் கண்தான் முதல் படம். எழுதி அனுப்பிய கட்டுரையைக் கண் மருத்துவ இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் இதய மருத்துவ இதழான ‘சர்க்குலேஷன்’ 1961-ல் வெளியிட்டது. இன்றைக்கு உலகத்தில் விழித்திரைப் பிரிவு இருக்கிற இடமெல்லாம் அந்தக் கட்டுரையின் வாரிசுகள்தான். என் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊசியாகப் போகாமல், வெறும் காகிதமாக இதே சாயம் ஓ.பி.யில் செய்கிற வேலை இதைவிடப் பெரிசு. நுனியில் ஆரஞ்சு பூசிய சின்னக் காகிதத் துண்டு. ஒரு சொட்டு சலைன் விட்டு கீழிமையின் உள்பக்கம் தொட்டு எடுத்தால் போதும். நீல விளக்கில் கருவிழி முழுக்க மெல்லிசாகப் பச்சை படர்ந்திருக்கும். எங்கே மேல்தோல் உரிந்திருக்கிறதோ அங்கே மட்டும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். முன்பு இதைச் சொட்டு மருந்தாகப் பாட்டிலில் வைத்திருந்தார்கள். அந்தப் பாட்டிலுக்குள் சூடோமோனாஸ் கிருமி சுகமாக வளர்ந்து, புண்ணைப் பார்க்கப்போய்ப் புண்ணில் கிருமி ஏற்றிய கதைகள் நடந்ததால், 1951-ல் சாமுவேல் கிமுரா காகிதத்துக்கு மாற்றினார்.

எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் காகிதம் எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1996-ல் வெளியான ஓர் ஆய்வின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ஒரு வட்டாரக் கணக்கைவிட இது பத்து மடங்கு. ஏன் என்பதை அறுவடைக் காலத்தில் எங்கள் ஓ.பி.யில் ஒரு மணி நேரம் நின்றாலே தெரிந்துகொள்ளலாம். நெல் தூற்றும்போது உமி, கரும்புத் தோகை, பால் கறக்கும்போது மாட்டு வால் வீச்சு. வீட்டிலேயே விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று ஊற்றிப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து வருவார்கள். காகிதம் தொட்டதும் புண்ணின் எல்லை வரைபடம் போட்டமாதிரி வந்துவிடும். ஹெர்பிஸ் கிருமியாக இருந்தால் கிளைகிளையாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரு சின்னக் குமிழோடு நிற்கும். அதை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். அறுவை செய்த கண்ணில் தையல் ஒழுகுகிறதா என்று பார்க்கவும் இதே காகிதம்தான்: பச்சைக்கு நடுவே ஒரு கறுப்பு ஓடை இறங்கினால் உள்ளிருந்து நீர் வெளியே வருகிறது என்று அர்த்தம்.

என் சின்னம்மா மகள் கோயம்புத்தூரில் வயிற்று அறுவை சிகிச்சைத் தியேட்டரில் நர்ஸ். இரண்டு பேரும் போனில் பேசினால் வீட்டு விஷயம் ஐந்து நிமிஷம், தியேட்டர் விஷயம் அரைமணி. ஒருநாள், “அக்கா, எங்க தியேட்டருக்கும் பச்சை மருந்து வந்திருக்கு. பித்தப்பை ஆபரேஷனுக்கு முன்னாடி போடுறோம்” என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது: “குப்பியில பொடியா இருக்குமே, 25 மில்லிகிராம்? கூட வர்ற தண்ணியிலதான கலக்கணும்?” “ஆமாக்கா! உனக்கு எப்படித் தெரியும்?”

எப்படித் தெரியாது? இண்டோசயனின் கிரீன், ஐ.சி.ஜி. கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1955-ல் பிறந்தது. ஃபிலிம் விற்ற கோடாக்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று அளக்கப் பயன்படுத்தினார்கள். 1959-லேயே அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு கல்லீரல் எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று பார்க்க, பிறகு கண்ணுக்கு, இப்போது வயிற்றுக்கு. ஒரே குப்பி, ஆளுக்கொரு வேலை.

எங்களுக்கு அது தேவைப்படுவது, ஃப்ளோரசினால் முடியாத இடத்தில். நீலமும் பச்சையும் விழித்திரைக்குப் பின்னால் இருக்கிற கறுப்பு நிறமியைத் தாண்டாது, ரத்தம் கசிந்திருந்தாலும் தாண்டாது. ஐ.சி.ஜி. 800 நானோமீட்டர் அளவில் வாங்கி 830-க்குப் பக்கத்தில் திருப்பித் தருகிறது. அது அகச்சிவப்பு, நிறமியையும் கொஞ்சம் ரத்தத்தையும் ஊடுருவி வந்துவிடும். அதோடு ரத்தப் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்வதால் கோராய்டின் ஒழுகுகிற குழாயிலிருந்துகூட அவ்வளவாக வெளியேறாது. வயதானவர்களுக்கு நடுப்பார்வை போகிற நோயில், நம் ஆசியர்களுக்கு அதிகமாகக் காணப்படும் ஒரு வகை இருக்கிறது: கோராய்டின் குழாய் நுனிகள் குமிழ்குமிழாக வீங்கியிருக்கும். ஃப்ளோரசின் படத்தில் அது வெறும் மேகமூட்டம். ஐ.சி.ஜி.யில் குமிழ்களைத் தனித்தனியாக எண்ணிவிடலாம்.

தங்கச்சியின் தியேட்டரில் கதை வேறு. ஐ.சி.ஜி.யை உடம்பில் கல்லீரல் மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், எடுத்து அப்படியே பித்தத்தில் கொட்டும். சிறுநீரில் போகாது. அதனால் அறுவைக்கு முன்கூட்டியே ஊசி போட்டுவிட்டால், வயிற்றைத் திறக்கும்போது பித்தநாளம் முழுக்கச் சாயம் ஓடிக்கொண்டிருக்கும். பித்தப்பையை எடுக்கும்போது வெட்ட வேண்டிய சின்னக் குழாயும், வெட்டவே கூடாத பொதுப் பித்தநாளமும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. வீங்கி ஒட்டிக்கொண்டு கிடக்கிற வயிற்றில் எது எது என்று குழம்பினால் நோயாளிக்கு வாழ்நாள் அவஸ்தை. அகச்சிவப்புக் கேமராவுக்கு மாற்றினால், கொழுப்புக்குள் மறைந்திருக்கிற குழாயின் வழி திரையில் தெரியும். “முன்னாடியே போடாம கடைசி நேரத்துல போட்டா கல்லீரலே ஜெகஜோதியா எரியுதுக்கா, நாளம் தெரியவே மாட்டேங்குது” என்றாள். அது அவர்கள் கற்றுக்கொண்ட நேரக் கணக்கு.

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. திரையில் பச்சையாகத் தெரிகிறதே, எட்டிப் பார்த்தால் வயிற்றுக்குள் ஒன்றும் பச்சையாக இல்லையே? பொடி பச்சைதான், ஆனால் அது விடுகிற வெளிச்சம் மனுஷக் கண்ணுக்குத் தெரியாது. திரையில் இருக்கிற பச்சை மெஷின் பூசுவது. வேண்டுமென்றால் ஊதாவாகவும் மாற்றலாம். இதைச் சொன்னதும் கொஞ்சம் ஏமாந்துபோனாள்.

குடலை வெட்டி இணைக்கிற அறுவையிலும் இதே மருந்து. ஊசி போட்ட ஒரு நிமிஷத்துக்குள் ரத்தம் ஓடுகிற குடல் ஒளிரும், ஓடாத பகுதி இருண்டு கிடக்கும். ஒளிர்கிற இடம் பார்த்து வெட்டி இணைத்தால் தையல் பிரிவது குறையும் என்பது எதிர்பார்ப்பு. ஜப்பானில் மலக்குடல் புற்றுநோயாளிகளிடம் செய்து 2023-ல் வெளியிட்ட சோதனையில் தையல் கசிவு 11.8 சதவீதத்திலிருந்து 7.6 ஆகக் குறைந்தது. அடுத்த ஆண்டு நெதர்லாந்திலிருந்து வந்த பெரிய சோதனையில் குடல் அறுவை செய்தவர்களிடம் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் தோன்றவில்லை. ரத்தம் வருகிறதா என்று மட்டும்தான் சாயம் சொல்லும். தையல் பிரிவதற்கு ரத்தம் ஒன்று மட்டுமா காரணம்? ‘பச்சை லைட்டு வெச்சு ஆபரேஷன்’ என்று யாராவது விளம்பரம் கொடுத்துத் தனிக் கட்டணம் கேட்டால், எனக்கு எதற்காக இது என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள்.

மூளைக் கட்டிக்குக் கொடுப்பது ஒரு விநோதம். அமினோலெவுலினிக் அமிலம் என்று ஒன்று, உடலில் இயல்பாகவே இருக்கிற பொருள். மயக்கம் கொடுப்பதற்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்னால் குடிக்கக் கொடுக்கிறார்கள், எடை ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். குடிக்கிற மருந்துக்கு ஒளிர்வு கிடையாது. வீரியமான கிளையோமா என்ற மூளைக் கட்டியின் செல்கள் அதை வாங்கி, புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருளாக மாற்றித் தமக்குள்ளேயே தேக்கிவைத்துக்கொள்ளும். அது நீல வெளிச்சத்தில் சிவப்பாக ஒளிரும். அதாவது கட்டியே தனக்கு வேண்டிய சாயத்தைக் காய்ச்சிக்கொள்கிறது. நுண்ணோக்கியில் நீல விளக்குக்கு மாற்றினால் வெள்ளை வெளிச்சத்தில் மூளை மாதிரியே தெரிந்த இடம் செந்நிறமாகத் தெரியும். ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மர் குழு 2006-ல் வெளியிட்ட சோதனையில், ஸ்கேனில் தெரிகிற கட்டியை மிச்சமில்லாமல் எடுக்க முடிந்தது 65 சதவீதம் பேருக்கு. வெள்ளை வெளிச்சத்தில் மட்டும் செய்தவர்களில் 36 சதவீதம். ஆறு மாதம் நோய் வளராமல் இருந்தவர்களும் 21-லிருந்து 41 சதவீதமாகக் கூடினார்கள். மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் வரவில்லை. அந்தக் கட்டி அவ்வளவு பொல்லாதது.

இந்த மருந்து குடித்தவரை ஒரு நாள் முழுக்க வெயிலிலும் பளிச்சென்ற விளக்கிலும் விடக்கூடாது. தோல் பொசுங்கும். வார்டில் திரையை இழுத்துவிட்டு விளக்கைக் குறைத்து வைத்திருப்பார்கள். பார்க்க வருகிற உறவினர் வந்ததும் முதல் வேலையாக, “ஏன் இப்படி இருட்டடிச்சுப் போய்க் கெடக்கு?” என்று ஜன்னலைத் திறப்பாராம். நம் ஆட்கள்!

2021-ல் அமெரிக்காவில் அனுமதித்த பாஃபோலாசியானின் மாதிரி மருந்துகள் இன்னொரு படி மேலே போகின்றன. சினைப்பைப் புற்றுச் செல்கள் ஃபோலேட்டைப் பிடிக்கிற கொக்கிகளை அதிகமாக வைத்திருக்கும். ஃபோலேட்டின் சாயலில் ஒரு வாலும் அகச்சிவப்பில் ஒளிர்கிற தலையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். கொக்கி இருக்கிற இடத்தில் மாட்டிக்கொள்ளும். இது ஓரளவுக்கு நோயைத் ‘தெரிந்த’ சாயம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஓரளவுக்குத்தான். சிறுநீரகத்தின் இயல்பான செல்களிலும் அதே கொக்கி உண்டு.

எங்கள் அறைக்கு வருகிற கூட்டம் முன்பு மாதிரி இல்லை. ஓ.சி.டி. ஆஞ்சியோ என்ற ஒளி ஸ்கேன் வந்துவிட்டது. ஊசி இல்லை, சாயம் இல்லை, ஓடுகிற ரத்த அணுக்களின் அசைவை வைத்தே குழாய்களைப் படமாக்கிவிடும், சில நொடியில். நுண்குழாய்கள் அதில் எங்கள் படத்தைவிடத் துல்லியமாகத் தெரியும் என்பதை வயிறெரிந்துகொண்டே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது குழாய் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும். ஒழுகுகிறதா என்று சொல்லத் தெரியாது. ஒழுகலைப் பார்க்க ஏதாவது ஒன்று ஒழுகியாக வேண்டும். அதனால் குழப்பமான கேஸ் எல்லாம் கடைசியில் சீட்டோடு எங்கள் வாசலுக்குத்தான் வருகிறது.

உங்களுக்கோ வீட்டில் அம்மா அப்பாவுக்கோ இந்தச் சீட்டு வந்தால், சில விஷயங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். இரண்டு இட்லி போதும். ஆஸ்துமா, முன்பு ஏதாவது ஊசியில் தடிப்பு வந்தது, சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் இதெல்லாம் இருந்தால் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். ஐ.சி.ஜி. என்றால் அயோடின் ஒத்துக்கொள்ளுமா என்றும் கேட்பார்கள், ஏனென்றால் அந்தப் பொடியில் சோடியம் அயோடைடு கலந்திருக்கிறது. இறால் ஒத்துக்கொள்ளாது என்பதும் அயோடின் ஒத்துக்கொள்ளாது என்பதும் ஒன்று இல்லை, இருந்தாலும் சொல்லிவையுங்கள். ஊசி போடுகிற இடத்தில் எரிச்சல் எடுத்தால் பொறுத்துக்கொண்டு உட்காராமல் உடனே வாயைத் திறங்கள். ரத்தக்குழாய்க்கு வெளியே மருந்து இறங்கினால் அந்த இடம் புண்ணாகும். உயிருக்கு ஆபத்தா என்று எல்லோரும் கேட்பார்கள். அமெரிக்காவில் 1986-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில் 2,22,000 ஊசிக்கு ஒரு மரணம் என்று வந்தது. அந்த ஒன்றுக்காகத்தான் மேஜையில் அட்ரினலின், அவில், ஆக்சிஜன் எல்லாம் எப்போதும் தயாராக இருக்கும். அந்த ட்ரே இல்லாத இடத்தில் ஊசிக்குக் கையை நீட்டாதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகு கண்ணின் வெள்ளை மஞ்சளிக்கும், உள்ளங்கை மஞ்சளிக்கும். மஞ்சள்காமாலை என்று கீழாநெல்லி அரைக்கத் தொடங்கிவிடாதீர்கள், சில மணி நேரத்தில் தோல் தெளிந்துவிடும். சிறுநீர் மறுநாள் வரைக்கும் ஆரஞ்சாகப் போகும். அன்றைக்கு ரத்தம், சிறுநீர் டெஸ்ட் எதற்கும் கொடுக்காதீர்கள், முடிவு பிசகும். பாப்பா விரிந்திருப்பதால் வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஆஞ்சியோ பற்றி விளக்கம் கொடுக்காதவராக இருந்தால் உத்தமம்.